இழைப்பு இயந்திரமும் இயற்பியலும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

மனிதன் தன் உடல் வலிமைக்கு மீறிய பளுவை நகர்த்த முற்பட்ட நாளே பொறியியல் பிறந்த நாள் எனலாம். நெம்புகோல், சாய்தளம், உருளை, கப்பி, ஆப்பு ஆகியவை நமக்குப் பள்ளிப் பாடத்திலேயே அறிமுகமானவை. தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவாக வந்து போகும் இவற்றை நாம் அத்துடன் மறந்துவிடுகிறோம். ஆனால் உழைக்கும் மக்களின் கையில் இவை இன்றும் நாள்தோறும் வேலை செய்கின்றன. அவ்வாறு ஒரு நாள் வேலை செய்ததை நேரில் கண்டு, அளந்து, கணக்கிட்டுப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

என் தந்தையார் தச்சுத் தொழிலாளி. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், ஐந்தடி அகலச் சந்து ஒன்றின் கோடியில் எங்கள் வீடு. வீட்டின் பின்கட்டே அவருடைய பட்டறை. முப்பது ஆண்டுகளாக இழைப்புளியைக் கையால் தள்ளியே கதவும் நிலையும் சன்னலும் செய்து வந்தவர், தோள்பட்டை வலி தாங்காத நிலையில் சென்ற புரட்டாசி மாதம் ஒரு புதிய இழைப்பு மெஷின் வாங்கினார். அம்மாவின் நகைகளை அடகு வைத்த பணமும் அதில் அடங்கும். ஆயுத பூசைக்குள் மெஷின் பட்டறைக்குள் நிற்க வேண்டும் என்பது வீட்டாரின் ஆசை. ஐப்பசி பிறந்துவிட்டால் மழை தொடங்கிவிடும் என்பது தொழிலின் அவசரம்.

மெஷினின் மொத்த எடை 420 கிலோ. உடல் முழுவதும் வார்ப்பிரும்பு. லாரி பார்சலில் ஊர் வந்து சேர்ந்த அதனை, எல்லோரும் 'குட்டி யானை' என்று அழைக்கும் சிறு வண்டி சந்தின் வாய் வரை கொண்டுவந்து தரும். அதற்கு அப்பால் வண்டி நுழையாது. வண்டியின் தளம் தரையிலிருந்து இரண்டரை அடி உயரம். சந்தின் நீளம் 200 அடி. பட்டறையின் தரை முற்றத்தைவிட முக்கால் அடி உயரம். 2015 ஆம் ஆண்டு வெள்ளத்தில் பட்டறைக்குள் தண்ணீர் புகுந்த பிறகு உயர்த்திக் கட்டியது அது. ஆக, இறக்கம் ஒன்று, நெடுவழி ஒன்று, ஏற்றம் ஒன்று. மூன்றையும் மெஷினுக்கும் மனிதருக்கும் ஊறு இல்லாமல் கடக்க வேண்டும் என்பதே எங்கள் முன் நின்ற கணக்கு.

எட்டுப் பேர் தூக்கினால் என்ன?

தெருவில் பலரும் சொன்ன யோசனை இதுதான். இரண்டு மூங்கில் கழிகளில் கட்டி எட்டுப் பேர் தோள் கொடுத்தால், ஆளுக்கு ஐம்பது கிலோவுக்குச் சற்று மேல்தானே வரும் என்றார்கள். கணக்கு சரியாகத்தான் தோன்றும். ஆயினும் என் தந்தையார் அதற்கு இணங்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊர்ப் பட்டறையில் அவருடன் வேலை பார்த்த நண்பர் ஒருவரின் கால் எலும்பு, இப்படித் தோளில் தூக்கிய மெஷின் சரிந்ததால் நொறுங்கிவிட்டது. அவர் அதன் பின் நின்றுகொண்டு செய்யும் வேலை எதற்கும் வரவில்லை. அந்த நினைவு அப்பாவை விட்டுப் போகவில்லை.

இயற்பியலும் அப்பாவின் பக்கமே நிற்கிறது. வளையாத ஒரு பொருளைப் பலர் தாங்கும்போது பளு எல்லோருக்கும் சமமாகப் பிரிவதில்லை. நான்கு கால் நாற்காலி மேடுபள்ளத் தரையில் மூன்று கால்களில் மட்டும் நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். அதுபோலவே எட்டுப் பேரில் ஒருவர் குட்டையானாலும், ஒருவர் கால் பள்ளத்தில் இறங்கினாலும், அவருடைய பங்கு அந்தக் கணமே அடுத்தவர் தோளுக்குப் போய்விடும். படி ஏறும்போது முன்னால் நிற்பவர் இருவரும் பின்னால் நிற்பவர் இருவருமே ஏறத்தாழ முழுப் பளுவையும் தாங்க நேரும். ஐம்பது கிலோ என்று எண்ணி வந்தவர் நூறு கிலோவைத் தாங்க முடியாமல் தோளை விடுவார். அவர் விட்டதும் மற்றவரும் விடுவர்.

மேலும், வார்ப்பிரும்பு அமுக்கத்தை நன்கு தாங்கும். இழுவிசையையும் அதிர்ச்சியையும் தாங்காது. ஓரடி உயரத்திலிருந்து ஒரு மூலையாக விழுந்தாலும் விரிசல் கண்டுவிடும். விரிசல் கண்ட வார்ப்பை ஒட்டவைப்பது எளிதன்று. அவ்வாறு நேர்ந்தால், அடகில் இருக்கும் நகையும் போய், மெஷினும் போய்விடும்.

சிதம்பரத்திலிருந்து வந்த துணை

என் தாய்மாமன் சிதம்பரத்தில் இருக்கிறார். அவரும் தச்சரே. ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை ஆகிய இரு விழாக்களிலும் தேருக்கு முட்டுக்கட்டை போடும் குழுவினருடன் பல ஆண்டுகள் பழகியவர். அப்பா அவரை வரவழைத்தார்.

சிதம்பரம் தேரோட்டத்தை நம் மாணவ நண்பர்களில் பலர் கண்டிருப்பர். விநாயகர், முருகன், நடராசர், சிவகாமசுந்தரி, சண்டிகேசுவரர் என ஐந்து தேர்கள் நான்கு வீதிகளையும் சுற்றி வரும். கருவறையில் உள்ள மூலவரே தேரேறி வீதிக்கு வருவது தில்லையின் தனிச் சிறப்பு. நாம் வடத்தையும் கூட்டத்தையும் பார்க்கிறோம். மாமா பார்ப்பது சக்கரத்தை. தேர் நின்ற இடத்திலிருந்து புறப்படுவதற்கு வடம் பிடிப்பவரின் இழுப்பு மட்டும் போதாது. பின்சக்கரங்களின் அடியில் 'சன்னை' எனப்படும் நீண்ட மரங்களைச் செருகி நெம்புவார்கள். இது நெம்புகோலன்றி வேறில்லை. தேர் புறப்பட்டுவிட்டால் சன்னைக்கு வேலை இல்லை, வடமே போதும்.

ஏன் அப்படி? நிற்கும் பொருளை அசைப்பதற்கு வேண்டிய விசை, அசைந்துகொண்டிருக்கும் பொருளைத் தொடர்ந்து ஓட்ட வேண்டிய விசையைவிட அதிகம். முன்னதை நிலை உராய்வு என்றும் பின்னதை இயக்க உராய்வு என்றும் நாம் படிக்கிறோம். தேர்ச்சக்கரம் தான் நிற்கும் இடத்தில் தரையைச் சற்று அமுக்கிப் பள்ளம் செய்துகொள்வதால் புறப்பாடு இன்னும் கடினமாகிறது. அந்த ஒரு கணத்துக்கு உதவுவதே சன்னை.

தேருக்குத் திருப்பும் கருவி இல்லை. வீதி முனையில் ஒரு பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து அதனைத் தாமதிக்கச் செய்வர். மறுபக்கம் ஓட, தேர் திரும்பும். நிறுத்துவதற்கும் அதே கட்டைதான். திருவாரூர் ஆழித் தேர் போன்ற மிகப் பெரிய தேருக்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் இரும்பு அச்சும் நீரழுத்தத் தடையும் அமைத்துக் கொடுத்துள்ளது. அங்கும் முட்டுக்கட்டைக்காரரின் கண்ணும் கையும் இல்லாமல் தேர் நகர்வதில்லை.

உராய்வை அளந்தோம்

மாமா வந்ததும் முதலில் மெஷினின் அடியைப் பார்த்தார். தொழிற்சாலையில் அதனை ஒரு மரச்சட்டத்தின் மேல் வைத்துப் போல்ட்டால் இறுக்கி அனுப்பியிருந்தார்கள். சிலர் அந்தச் சட்டத்தைக் கழற்றினால் எடை குறையும் என்றனர். மாமா கழற்ற விடவில்லை. "அதுதான் மாப்ளே அதுக்குப் பாதம். பாதத்தை வெட்டிட்டு நடக்கச் சொல்லலாமா?" என்றார்.

அதன் காரணத்தைக் கணக்கில் காண்போம். மெஷினின் ஈர்ப்பு மையம், கனமான மேற்பலகையும் கத்தி உருளையும் மேலே இருப்பதால், தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டடி உயரத்தில் இருந்தது. மெஷினின் சொந்த அடிப்பகுதி ஒன்றரை அடி அகலம். ஆகவே பக்கவாட்டில் ஏறத்தாழ 20 பாகை சாய்ந்தாலே ஈர்ப்பு மையத்தின் வழிச் செல்லும் குத்துக்கோடு அடிப்பகுதியை விட்டு வெளியே போய்விடும், மெஷின் கவிழும். மரச்சட்டமோ இரண்டடி அகலமும் நான்கடி நீளமும் உடையது. அதனோடு சேர்ந்து நிற்கையில் பக்கவாட்டில் 26 பாகை வரையிலும், நீளவாட்டில் 45 பாகை வரையிலும் கவிழாது. எனவே சட்டத்தைக் கழற்றாமலும், சரிவில் எப்போதும் நீளவாட்டிலேயும் கொண்டுபோக வேண்டும் என்பது தெளிவு.

மோட்டார், வழிகாட்டிப் பட்டை, பெல்ட் மூடி முதலியவற்றை மட்டும் கழற்றினோம். 60 கிலோ குறைந்து, சட்டத்துடன் 360 கிலோ நின்றது. மேற்பலகைகளைக் கழற்றினால் இன்னும் குறையும். ஆனால் அவற்றின் மட்டம் தொழிற்சாலையில் சரிசெய்யப்பட்டது. அதைக் கெடுக்க அப்பாவுக்கு மனமில்லை.

உராய்வின் விதிகளை முறைப்படுத்தியவர்களுள் அமோந்தோன், கூலும் ஆகிய இரு பிரெஞ்சு அறிஞர்கள் முதன்மையானவர்கள். 1699 இல் அமோந்தோன், உராய்வு பளுவுக்கு நேர்விகிதத்தில் உள்ளது என்றும், தொடும் பரப்பின் அளவைப் பொறுத்ததன்று என்றும் கூறினார். மின்னியல் பாடத்தில் நாம் சந்திக்கும் அதே கூலும், ரோஷ்ஃபோர் நகரின் கப்பல் கட்டும் தளத்தில் மரத்தின் மேல் மரத்தை இழுத்துச் சோதனைகள் செய்து, 1781 இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசைப் பெற்றார். அந்தச் சோதனையைச் சிறிய அளவில் நாங்களும் செய்தோம். பழக்கமான மீன் வியாபாரி ஒருவர் கடலூர் முதுநகரிலிருந்து தம் தொங்கு தராசை ஒரு நாள் இரவல் கொடுத்தார். அதைக் கயிற்றுக்கும் மெஷினுக்கும் இடையே மாட்டி இழுத்தோம். எளிமைக்காக விசையைக் கிலோ எடையிலேயே தருகிறேன். நியூட்டனில் வேண்டுவோர் 9.8 ஆல் பெருக்கிக் கொள்க.

பலகையின் மேல் மரச்சட்டம் நேராகச் சறுக்கும்போது: புறப்பட 130 கிலோ, ஓட 105 கிலோ. அதாவது உராய்வுக் குணகம் முறையே 0.36, 0.29.

பலகைக்கும் சட்டத்துக்கும் இடையே இரண்டங்குல இரும்புக் குழாய்களை உருளையாக வைத்தபோது: புறப்பட 14 கிலோ, ஓட 8 கிலோ. அதாவது 0.04, 0.02.

அதே மெஷின், அதே பலகை. நடுவில் குழாய் வந்ததும் இழுப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. தராசைப் பார்த்த அப்பா மறுபடி ஒருமுறை இழுக்கச் சொன்னார். முள் மீண்டும் எட்டிலேயே நின்றது.

இறக்கம்: உராய்வு நண்பன்

உருளை இவ்வளவு எளிது என்றால் வண்டியிலிருந்து இறக்கும்போதும் அதையே பயன்படுத்தலாமே என்று அண்டை வீட்டு இளைஞர்கள் கேட்டார்கள். "இறக்கத்திலே உருளை போடாதே. சமதரையிலே போடு" என்று மாமா ஒரே வரியில் முடித்தார். அந்த ஒரு வரியை நான் நோட்டுப் புத்தகத்தில் விரித்துப் பார்த்தேன்.

இரண்டரை அடி உயரத்திலிருந்து பத்தடிப் பலகை வைத்தால் சரிவு நான்குக்கு ஒன்று. கோணம் ஏறத்தாழ 14.5 பாகை. 360 கிலோவில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 90 கிலோ, மெஷினைக் கீழ்நோக்கி இழுக்கும். சட்டம் நேராகப் பலகையில் சறுக்கினால் அதனை எதிர்க்கும் இயக்க உராய்வு ஏறத்தாழ 101 கிலோ. உராய்வே பெரிது. ஆகவே மெஷின் தானாக ஓடாது. தொடர்ந்து 11 கிலோ அளவு தள்ளினால் மெல்ல இறங்கும். கையை எடுத்தால் அங்கேயே நின்றுவிடும். இதைவிடப் பாதுகாப்பான இறக்கம் வேறென்ன வேண்டும்?

உருளை வைத்திருந்தால்? எதிர்ப்பு வெறும் 8 கிலோ. மீதி 82 கிலோ மெஷினை விரைவுபடுத்தும். பத்தடி முடிவில் அது வினாடிக்கு மூன்றரை மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தரையைத் தாக்கும். எதிரே நிற்பவர் கதி என்னாவது? சமதரையில் பகைவனாக இருக்கும் உராய்வு, சரிவில் நம் உயிர் காக்கும் நண்பன்.

ஆயினும் உராய்வை மட்டுமே நம்பிவிடலாகாது. பலகையில் எண்ணெயோ சேறோ பட்டால் அது பாதியாகிவிடும். எனவே மெஷினில் ஒரு வடக்கயிறு கட்டி, அதனை வண்டியின் முன்புறத்து இரும்புச் சட்டத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, முனையை அப்பா பிடித்துக்கொண்டார். கம்பத்தில் சுற்றிய கயிற்றின் பிடிப்பு, சுற்று கூடக் கூடப் பெருக்கல் முறையில் வளர்வது. ஆய்லர் பெயரால் வழங்கும் சமன்பாட்டின்படி, உராய்வுக் குணகம் 0.25 எனில், ஒரு சுற்றுக்கு 4.8 மடங்கு, இரண்டு சுற்றுக்கு 23 மடங்கு, மூன்று சுற்றுக்கு 111 மடங்கு. உராய்வே இல்லாமல் 90 கிலோவும் கயிற்றில் தொங்கினால்கூட, இரண்டு சுற்றுக்குப் பின்னால் நிற்பவர் தாங்க வேண்டியது நான்கு கிலோதான். துறைமுகத்தில் கப்பலைத் தறியில் கட்டும் தொழிலாளி செய்வதும் இதுவே.

சரிவுப் பலகைகள் இரண்டும் மூன்றங்குலப் பருமனுள்ள பலா. 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த தானே புயலில் நம் மாவட்டத்தில் எண்ணற்ற பலாவும் முந்திரியும் சாய்ந்தன. அப்போது அப்பா வாங்கி அறுத்துப் போட்ட மரத்தில் எஞ்சியவை அவை. பலகையின் நடுவே ஒரு கட்டை முட்டுக் கொடுக்கச் சொன்னார் மாமா. தாங்கும் நீளம் பாதியானால் நடுவில் வைத்த பளுவால் ஏற்படும் வளைவு எட்டில் ஒரு பங்காகக் குறையும் என்பது நாம் செய்முறை வகுப்பில் காணும் உண்மை. வளைவு நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதே காரணம்.

வண்டியின் பின்புறத்துக்கும் அடிமுட்டு வேண்டும். மெஷின் பின்பக்க விளிம்புக்கு வரும்போது வண்டியின் வில்கள் அமுங்கும், அது இறங்கியதும் வில்கள் எழும்பும், பலகை நழுவும். ஆகவே தளத்தின் அடியில் கட்டைகளை அடுக்கி, சக்கரங்களுக்கு இருபுறமும் கல் வைத்த பின்னரே வேலை தொடங்கியது. ஈர்ப்பு மையம் விளிம்பைத் தாண்டும் கணத்தில் பளு சட்டெனத் தலை சாய்க்கும். அப்போது மட்டும் கயிறு விறைப்பாக இருக்க வேண்டும் என்று மாமா இருமுறை எச்சரித்தார். மெஷின் தலை சாய்த்தது, கயிறு பிடித்தது, பிறகு சாண் சாணாக இறங்கித் தரையில் அமர்ந்தது.

நெடுவழி: உருளையின் கணக்கு

சந்து மணலும் உடைந்த சிமெண்டுமாக இருந்தது. உருளை மணலில் புதைந்தால் உருளாது. அதனால் பலகைகளைப் பாதையாகப் போட்டு அதன் மேல் குழாய்களை வைத்தோம். நான்கு பலகை, ஐந்து குழாய். பின்னால் விடுபடும் பலகையையும் குழாயையும் எடுத்து முன்னால் போடுவது என் வேலை.

இங்கே ஒரு சுவையான உண்மை உண்டு. உருளையின் மேல் போகும் பளு, உருளையைப் போல் இரு மடங்கு தூரம் போகும். உருளையின் மையம் ஓரடி நகரும்போது அதன் உச்சி இரண்டடி நகர்கிறது. பளு உச்சியோடு ஒட்டிச் செல்கிறது. அதனால்தான் குழாய்கள் ஒவ்வொன்றாகப் பின்தங்கி வெளியே வருகின்றன. அவற்றை எடுத்துப் போடும் ஆள் நிற்கவே முடியாது. குழாயை முனையில் பிடித்து எடுக்க வேண்டும். பளுவின் அடியில் விரல் போகவே கூடாது.

எகிப்தின் பழங்காலக் கல்லறை ஓவியம் ஒன்றில், பெரிய சிலையைச் சறுக்குச் சட்டத்தில் ஏற்றிப் பலர் இழுக்க, ஒருவர் முன்னால் நின்று மணலில் தண்ணீர் ஊற்றுவது தீட்டப்பட்டுள்ளது. அது வெறும் சடங்கு என்றே பலர் கருதினர். 2014 இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள், அளவாக நனைந்த மணலில் இழுவிசை ஏறத்தாழப் பாதியாகக் குறைவதைச் சோதனையால் காட்டினர். ஈரம் மணலைக் கெட்டிப்படுத்துவதால் சட்டத்தின் முன் மணல் குவிவதில்லை. நம் கடற்கரையில் ஈர மணலில் மிதிவண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிதன்று.

ரஷ்யாவில் பேரரசர் பீட்டரின் குதிரைச் சிலைக்குப் பீடமாக ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட பாறை ஒன்றை 1769–70 குளிர்காலத்தில், உறைந்த நிலத்தின் மேல் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நகர்த்தினார்கள். உலோகத் தடத்துக்குள் வெண்கலக் குண்டுகளை இட்டு, அவற்றின் மேல் பாறையை உருட்டியதே அவர்கள் கண்ட வழி. இன்று நம் மிதிவண்டிச் சக்கரத்திலும் இதே மெஷினின் கத்தி உருளையிலும் உள்ள குண்டுத் தாங்கியின் மூத்த உறவு அது. நம் அண்டை மாநிலமான கேரளத்தின் மாப்பிளா கலாசிகளும் இத்துறையில் பேர் பெற்றவர்கள். பேப்பூரில் கட்டப்படும் பெரிய மரக்கலங்களைக் கயிறு, கப்பி, உருளை ஆகியவற்றைக் கொண்டே நீரில் இறக்குபவர்கள் அவர்கள். 1988 சூலை 8 அன்று பெருமண் என்னும் இடத்தில் ஐலண்ட் விரைவு வண்டி அஷ்டமுடிக் காயலில் விழுந்தபோது, மூழ்கிய பெட்டிகளை வெளியேற்றும் பணியில் அவர்களுடைய கைத்திறனும் துணை நின்றது.

எங்கள் சந்துக்குத் திரும்புவோம். 200 அடியும் இருவர் இழுப்பிலேயே கடந்தது. வீட்டு வாசலில் செங்கோணத் திருப்பம். மாமா குழாய்களின் முனைகளைக் கொட்டாப்புளியால் தட்டி விசிறி போல் விரித்தார். உள்பக்க மூலையில் ஒரு முட்டுக்கட்டை கொடுத்தார். கீழ வீதியிலிருந்து தெற்கு வீதிக்குத் தேர் திரும்புவது போலவே மெஷின் திரும்பியது.

ஏற்றம்: நெம்புகோலின் பொறுமை

பட்டறைத் தரை முக்கால் அடி உயரம். கூரை ஓட்டுக்கூரை, அதன் உத்தரத்தில் செயின் பிளாக் மாட்டித் தூக்கினால் கூரை தாங்காது. மாமா கேட்டது ஐந்தடிக் கடப்பாரை ஒன்றும், ஒன்றரை அங்குலக் கட்டைகளும்தான்.

கடப்பாரையின் நுனியிலிருந்து மூன்றங்குலத்தில் ஆதாரக் கட்டை. மறுபக்கம் 57 அங்குலம். எந்திர இலாபம் 57 ஐ 3 ஆல் வகுக்க 19. மெஷினின் ஒரு முனையைத் தூக்க வேண்டிய 180 கிலோவுக்கு, கைப்பக்கம் பத்துக் கிலோவுக்கும் குறைவான அழுத்தமே போதும். ஒரு முனையை ஒன்றரை அங்குலம் தூக்கு, கட்டையைச் செருகு, இறக்கு, மறுமுனைக்குப் போ. ஆறு அடுக்கில் ஒன்பது அங்குலம் ஏறிவிட்டது. எந்த நேரத்திலும் மெஷினின் சாய்வு இரண்டு பாகையைத் தாண்டவில்லை. கடப்பாரை நழுவினாலும் பளு விழக்கூடிய ஆழம் ஒன்றரை அங்குலமே. கட்டையைக் கையால் செருகாமல் வேறொரு குச்சியால் தள்ள வேண்டும் என்பது மாமாவின் கட்டளை.

நெம்புகோல் வேலையைக் குறைப்பதில்லை என்பதை நண்பர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். நுனி ஒன்றரை அங்குலம் எழ, கை இருபத்தெட்டரை அங்குலம் கீழே போக வேண்டும். விசையில் கிடைத்த தள்ளுபடியைத் தூரத்தில் திருப்பிச் செலுத்திவிடுகிறோம். ஏழை ஒருவர் பெருந்தொகையைச் சிறு தவணைகளாகக் கட்டி முடிப்பது போன்றது இது. மொத்தத் தொகை குறையாது. ஆனால் முதுகு முறியாது.

பிறகு கட்டை அடுக்கின் மேல் பலகை போட்டு, குழாய்களின் மேல் மெஷினைக் கதவு வழியே உள்ளே உருட்டினோம். கதவின் அகலத்தை முன்பே அளந்து வைத்திருந்ததால் அங்கே தடையில்லை. சட்டத்தை அவிழ்த்து, நான்கு கால்களின் அடியிலும் தகடு கொடுத்து, இரசமட்டம் வைத்துச் சமன் செய்தார் அப்பா. காலை ஏழு மணிக்குத் தொடங்கிய வேலை ஒன்பதரைக்கு முடிந்தது. மொத்தம் ஐந்து பேர். ஒருவர் விரலிலும் கீறல் இல்லை.

தொகுத்துரைத்தல்

இதுவரை கண்டவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

ஒன்று: எதையும் அசைப்பதற்கு முன் அள. எடை, கதவு, சந்து, படி, ஈர்ப்பு மையம் ஆகிய ஐந்தையும் அறியாமல் கை வைக்காதே.

இரண்டு: தூக்காதே, சறுக்கு, உருட்டு, நெம்பு. தூக்கிய பளுவுக்கு விழ இடம் உண்டு; தரையோடு போகும் பளுவுக்கு அது இல்லை.

மூன்று: சமதரையில் உராய்வைக் குறை, இறக்கத்தில் அதைக் காப்பாற்று.

நான்கு: ஒவ்வோர் அடிக்கும் ஒரு முட்டு. முட்டு இல்லாமல் அடுத்த அடி இல்லை.

ஐந்து: பளு விழக்கூடிய திசையில் எவரும் நிற்கலாகாது. கட்டளை ஒருவர் வாயிலிருந்தே வர வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்தவன் நானே முதல்வன். மாமா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். உராய்வுக் குணகம் என்ற சொல்லை அவர் கேட்டதில்லை, ஆயினும் 14.5 பாகைச் சரிவில் மரம் மரத்தைப் பிடிக்கும், குழாய் பிடிக்காது என்பது அவருக்குத் தெரியும். என் கணக்கு அவருக்குப் புதிதாக ஒன்றையும் கற்றுத் தரவில்லை என்று சொல்வதற்கில்லை. கயிற்றை இரண்டு சுற்றுக்குப் பதில் மூன்று சுற்றினால் பிடி ஏறத்தாழ ஐந்து மடங்காகும் என்று நான் சொன்னபோது, அவர் சற்று நேரம் யோசித்து, "அப்படின்னா தேர் வடத்துக்கும் இதைச் சொல்லிப் பார்க்கணும்" என்றார். எண்ணால் சொல்லப்பட்ட அறிவு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு எளிதாகப் போய்ச் சேரும். கையால் மட்டும் அறிந்தது, அந்தக் கை ஓய்ந்ததும் போய்விடும். சன்னை, முட்டுக்கட்டை போன்ற சொற்களோடு அவற்றின் கணக்கும் நம் ஏடுகளில் ஏற வேண்டும்.

நம் கல்லூரியில் பயிலும் நண்பர்களின் பெற்றோர் பலர் உழவர், மீனவர், நெசவாளர், கொத்தனார், தச்சர். படகைக் கரையேற்றும் போதும், கிணற்றில் உறை இறக்கும் போதும், தறியில் பாவு இழுக்கும் போதும் அங்கே ஓர் ஆய்வுக்கூடம் நடந்துகொண்டிருக்கிறது. விடுமுறையில் வீடு செல்லும் நண்பர்கள் ஓர் அளவுகோலையும் ஒரு தராசையும் கையில் எடுத்துக்கொண்டு அப்பாவுடன் ஒரு நாள் நிற்பார்களாக. அளந்ததை எழுதி அடுத்த ஆண்டு மலருக்குத் தருவார்களாக. அவற்றைப் படிக்க நான் ஆவலுடன் காத்திருப்பேன்.